கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு நாள்: கோடை இடிமழையை எதிர்நின்று காணும் முறை

இடிமழையைத் தேடிச் சென்று, அது பிறந்து வளர்ந்து தணிவதை வெறுங்கண்ணால் கண்டு பதிவுசெய்யும் பழக்கம், வானிலையில் ஆர்வமுள்ள எவரும் முறையாகக் கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றாகும். தேனி மாவட்டத்தின் தென்மேற்கு முனையில் மலையடிவாரத்தில் அமைந்துள்ள லோயர் கேம்பை முதல் நிலையாகக் கொண்டு, ஒரு கோடை நாளின் விடியலிலிருந்து அந்தி வரை அப்பழக்கத்தை எவ்வாறு மேற்கொள்வது என்பதை இந்த அத்தியாயம் விளக்குகிறது. இதை மேற்கொள்பவர் இங்கு 'நோக்குநர்' எனக் குறிக்கப்படுகிறார். தமிழில் 'புயல்' என்னும் சொல் கடலில் உருவாகிக் கரையைக் கடக்கும் பெருஞ்சுழலையே குறிக்கிறது என்பதால், நிலத்தின் மீது சில மணிநேரத்தில் எழுந்து அடங்கும் மின்னல், இடி, காற்று, மழை ஆகியவற்றின் தொகுப்புக்கு மக்கள் வழக்கிலுள்ள 'இடிமழை' என்ற சொல்லே இந்நூல் முழுவதும் கையாளப்படுகிறது.

துரத்துவதா, காத்திருப்பதா?

இடிமழையை வாகனத்தில் துரத்திச் செல்லும் வழக்கம் அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள பெருஞ்சமவெளியில் தோன்றியது. வடக்கு டகோட்டா மாநிலத்தில் 1956-ஆம் ஆண்டு முதல் இதில் ஈடுபட்ட டேவிட் ஹோட்லி அத்துறையின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். துரத்துநர்களுக்கென 'ஸ்டார்ம் டிராக்' என்ற இதழை 1977-இல் தொடங்கியவரும் அவரே. அச்சமவெளியில் தரைக்கு அருகே வீசும் காற்றுக்கும் சில கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றுக்கும் வேகத்திலும் திசையிலும் பெரும் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டால் இடிமழை மேகம் முழுவதும் சுழலத் தொடங்கி, பல மணிநேரம் உயிரோடிருந்து, நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்ய முடிகிறது. அதனால் அங்கே துரத்துவதில் பொருள் இருக்கிறது.

தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களில் கோடைக்காலத்தில் உயரத்துக்கு உயரம் காற்று அவ்வளவாக மாறுபடுவதில்லை என்பதால், இங்கு எழும் தனி இடிமழை மேகம் பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணிநேரத்துக்குள் தன் வாழ்வை முடித்துக்கொள்கிறது. ஓரிடத்தில் மின்னல் தெரிகிறது என்று இருபது கிலோமீட்டர் விரைந்து செல்பவர் அங்கே சென்று சேரும்போது ஈரமான சாலையும் சிந்தும் தூவானமும் மட்டுமே எஞ்சியிருக்கும். ஆகவே கம்பம் பள்ளத்தாக்கில் நோக்குநருக்குரிய திறமை வேகத்தில் இல்லை. மேகம் அடுத்து எங்கே எழும் என்பதை நிலத்தின் அமைப்பிலிருந்து உய்த்துணர்ந்து, அதன் முழு வாழ்வையும் காணத்தக்க பாதுகாப்பான இடத்தில் முன்கூட்டியே நின்றுகொள்வதில் இருக்கிறது. இந்த அத்தியாயத்தின் எல்லா அறிவுரைகளும் இந்த ஒரு கருத்தைச் சார்ந்தவை.

பள்ளத்தாக்கின் அமைப்பு

கம்பம் பள்ளத்தாக்கு தென்மேற்கே லோயர் கேம்பில் குறுகலாகத் தொடங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாக வடகிழக்கே தேனியை நோக்கி விரிந்துகொண்டே செல்கிறது. அதன் மேற்கில் கேரள எல்லையை ஒட்டி ஏலமலைத் தொடரும், கிழக்கில் மேகமலையும் வருசநாட்டு மலைகளும் அரண்போல நிற்க, வடக்கே தேனிக்கும் பெரியகுளத்துக்கும் அப்பால் பழனிமலைத் தொடர் உயர்கிறது. பள்ளத்தாக்கின் தரை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருக்க, மேகமலையின் தேயிலைத் தோட்டங்கள் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளன. லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைச்சாலை சில கிலோமீட்டருக்குள்ளாகவே ஏறக்குறைய 400 மீட்டர் உயர்ந்துவிடுகிறது.

லோயர் கேம்பின் அடையாளம் முல்லைப் பெரியாற்று நீராகும். 1895-இல் கட்டிமுடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கு நோக்கித் திருப்பப்பட்டு, மலைச்சரிவில் பதிக்கப்பட்ட நான்கு பெருங்குழாய்கள் வழியாகக் கீழிறங்கி, அடிவாரத்திலுள்ள நீர்மின் நிலையத்தை இயக்கிய பின் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்களுக்குப் பாய்கிறது. அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக்குக்கு 2013-இல் மணிமண்டபம் திறக்கப்பட்டதும் இவ்வூரிலேயே. வானை நோக்குபவருக்கு இந்தக் குழாய்கள் வேறு ஒரு வகையிலும் பயன்படுகின்றன: சரிவின் அடி முதல் மேல் வரை கோடிட்டதுபோல் தெரியும் அவை, மேகத்தின் அடிப்பரப்பு மலையின் எந்த உயரம் வரை இறங்கியுள்ளது என்பதைக் கண்ணால் மதிப்பிட உதவும் ஆயத்த அளவுகோலாகின்றன.

நோக்கலுக்குரிய பருவங்கள் இரண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறை கோடைப் பருவமாக வகுத்துள்ள மார்ச் முதல் மே வரையிலான மூன்று மாதங்களில் மார்ச் நடுப்பகுதியிலிருந்து கோடை மழை வாய்க்கும்; தென்மேற்குப் பருவக்காற்று தணியும் செப்டம்பர் இறுதியிலிருந்து வடகிழக்குப் பருவமழையின் தொடக்க வாரங்கள் வரையிலான காலம் அடுத்த வாய்ப்பு. இடைப்பட்ட ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மலைக்கு அப்பால் இடுக்கியில் அடைமழை பெய்தாலும், பள்ளத்தாக்கு மழைமறைவுப் பகுதியாக இருப்பதால் இங்கே பெரும்பாலும் சாரலும் பலத்த மேற்குக் காற்றும் மட்டுமே வந்துசேர்கின்றன. மழைமறைவுப் பகுதி என்பது, ஈரக்காற்று மலையின் ஒருபுறம் ஏறும்போதே தன் மழையைப் பெய்துவிட்டு மறுபுறம் இறங்கும்போது சூடாகி உலர்ந்துபோவதால் மழை குறைந்த பகுதியாகும்.

மேகம் எழும் விதம்

இடிமழை உருவாக மூன்று தேவைகள் ஒன்றுசேர வேண்டும். முதலாவது, தரையை ஒட்டிய காற்றில் போதிய ஈரம். இரண்டாவது, கீழே சூடான காற்றும் மேலே குளிர்ந்த காற்றும் அமைந்து, சற்று உந்தப்பட்ட காற்று தானாகவே மேலெழத்தக்க உறுதியற்ற நிலை. மூன்றாவது, அந்த முதல் உந்துதல். கம்பம் பள்ளத்தாக்கில் மூன்றாவது தேவையை மலைகளே நிறைவுசெய்கின்றன. காலை வெயில் மலைச்சரிவுகளை அதே உயரத்திலுள்ள திறந்தவெளிக் காற்றைவிட விரைவாகச் சூடாக்குவதால், பகலில் காற்று சரிவின் மீது மேல்நோக்கி ஊர்கிறது. இரவில் சரிவுகள் குளிர்ந்ததும் அதே காற்று பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகிறது. எனவேதான் கோடை நாளின் முதல் மேகம் வயல்வெளிக்கு மேலே தோன்றாமல் மலைமுகட்டின் மீதே தோன்றுகிறது.

காற்றின் திசையும் முக்கியமானது. பழந்தமிழர் திசைக்கொன்றாகக் கிழக்குக் காற்றைக் கொண்டல் என்றும் மேற்குக் காற்றைக் கோடை என்றும் வடக்குக் காற்றை வாடை என்றும் தெற்குக் காற்றைத் தென்றல் என்றும் வகைப்படுத்தினர். பள்ளத்தாக்கின் அகன்ற வாய் வழியாகத் தேனிப் பக்கமிருந்து கொண்டல் ஈரத்தோடு நுழைய, மலைக் கணவாய்களின் வழியாகக் கேரளத்து மேற்குக் காற்றும் வந்து இறங்கும் நாளில், இரண்டும் சந்திக்கும் கோட்டில் காற்றுக்கு மேலெழுவதன்றி வேறு வழியில்லை. இவ்வாறு எதிரெதிர்க் காற்றுகள் ஓரிடத்தில் நெருங்கிச் சேர்வது 'காற்றுக் குவிதல்' எனப்படும்.

மேலெழும் காற்று குளிர்ந்து அதிலுள்ள நீராவி துளிகளாக மாறும்போது, ஆவியாகும்போது அது தன்னுள் வாங்கி வைத்திருந்த உள்ளுறை வெப்பம் வெளியாகிறது. அவ்வெப்பமே காற்றை மேலும் மேலும் உயர்த்தும் எரிபொருளாகிறது. பஞ்சுப்பொதி போன்ற திரள் மேகம் காலிபிளவர் பூவின் விளிம்பைப்போலக் கூர்மையான மடிப்புகளோடு உயர்ந்து, மேல்பகுதி பனித்துகள்களாக மாறி, இறுதியில் கொல்லன் பட்டறையிலுள்ள பட்டடைக்கல்லைப்போல உச்சி தட்டையாகப் பரவும்போது அது கார்திரள் மேகம் என்ற பெயரைப் பெறுகிறது. வெப்பமண்டலத்தில் இதன் உச்சி 12 கிலோமீட்டருக்கும் மேல் செல்லக்கூடும்.

அமெரிக்காவில் 1946, 1947-ஆம் ஆண்டுகளில் புளோரிடாவிலும் ஒகையோவிலும் நடத்தப்பட்ட பெரும் ஆய்வின் அடிப்படையில், தனி இடிமழையின் வாழ்வு மூன்று கட்டங்களாகப் பகுக்கப்பட்டது. காற்று மேல்நோக்கி மட்டுமே பாயும் வளர்நிலை, மேலெழும் காற்றும் மழையோடு இறங்கும் காற்றும் ஒரே மேகத்துக்குள் அருகருகே நிகழும் முதிர்நிலை, இறங்கும் காற்று ஓங்கி மேகத்தின் உணவையே துண்டித்துவிடும் தணிநிலை என்பன அவை. இம்மூன்று கட்டங்களையும் ஒரே இடத்தில் நின்று காண்பதே கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு நாள் நோக்கலின் இலக்காகும்.

முதல்நாள் மாலை

புறப்படுவதற்கு முதல்நாள் மாலையில் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் மாவட்டவாரி முன்னறிவிப்பைப் பார்க்க வேண்டும். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நான்கு நிற எச்சரிக்கைகளில் பச்சை நடவடிக்கை தேவையில்லை என்பதையும், மஞ்சள் கவனித்திருக்க வேண்டும் என்பதையும், ஆரஞ்சு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதையும், சிவப்பு உடனே செயல்பட வேண்டும் என்பதையும் குறிக்கின்றன. கற்றுக்கொள்ளும் நிலையிலுள்ள நோக்குநருக்கு மஞ்சள் நாளே ஏற்றது; ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை உள்ள நாட்களில் மலையடிவாரத்துக்குச் செல்லும் திட்டத்தைக் கைவிடுவதே முறை. தமிழ்நாட்டில் 'தமிழ்நாடு வெதர்மேன்' என அறியப்படும் பிரதீப் ஜான் போன்ற தன்னார்வலர்களின் விளக்கங்கள் பொதுமக்களிடையே வானிலை ஆர்வத்தைப் பரவலாக்கியுள்ளன. அவற்றைப் படிப்பது அறிவை வளர்க்கும் என்றாலும், பாதுகாப்பு முடிவுகளுக்கு அரசின் எச்சரிக்கையே அடிப்படையாக இருக்க வேண்டும்.

எடுத்துச்செல்ல வேண்டியவை எளியவை: திசைகாட்டி, வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் காட்டும் சிறு கருவி, நேர்ச்சுவருள்ள மழைமானி, கைப்பேசிக்கு மின்சேமிப்புக் கருவி, இருகண் நோக்கி, மழையங்கி, குடிநீர், நீர் பட்டாலும் அழியாத பென்சிலும் குறிப்பேடும். வாகனம் உலோகக் கூரையும் மூடிய கண்ணாடிகளும் உடையதாக இருக்க வேண்டும் என்பதே தளர்த்த முடியாத நிபந்தனை. வெளியூரிலிருந்து வருபவர்களுக்குத் தேனியிலிருந்து குமுளி செல்லும் பேருந்துகள் லோயர் கேம்ப் வழியாகச் செல்கின்றன. ஆனால் பேருந்தில் வருபவர் பிற்பகலுக்குள் கூடலூர் அல்லது கம்பம் நகரில் ஒரு நிலையான கட்டடத்தைத் தங்குமிடமாக உறுதிசெய்துகொண்ட பின்னரே நோக்கலைத் தொடங்க வேண்டும்.

காலை: மலையின் மடியில்

காலை 7 மணிக்குள் லோயர் கேம்பை அடைவது நல்லது. மூன்று புறமும் மலை சூழ்ந்த இவ்விடத்தில் வானம் குறுகலாகத் தெரியும் என்றாலும், மலைமுகடுகள் மிக அருகில் இருப்பதால் முதல் மேகம் பிறக்கும் கணத்தை இங்கிருந்து நெருக்கமாகக் காணலாம். நோக்குநர் சாலையோரத்திலும் ஊர்ப்பகுதியிலுமே நிற்க வேண்டும். சூழ்ந்துள்ள காடுகள் தமிழ்நாட்டுப் பகுதியில் 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தையும் கேரளப் பகுதியில் பெரியாறு புலிகள் காப்பகத்தையும் சார்ந்தவை என்பதால் அனுமதியின்றி உள்ளே செல்வது குற்றம். மின்நிலையமும் நீர்க்குழாய்களும் பாதுகாக்கப்பட்ட இடங்கள் என்பதால் அவற்றை நெருங்குவதும், அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடுவதும் கூடாது. இதே மாவட்டத்தின் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட காட்டுத்தீ மலையேறச் சென்றவர்களில் பலரின் உயிரைப் பறித்தது, கோடையில் மலைக்குள் நுழைவது எத்தகைய பொறுப்புக்குரியது என்பதை மறக்கவிடாத நிகழ்வாகும்.

காலையில் மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதலாவது வானத்தின் தெளிவு: 10 மணி வரை வெயில் தடையின்றி விழுந்தால் தரை நன்றாகச் சூடாகும், நடு உயரத்தில் சாம்பல்நிறப் படலம் வானை மூடியிருந்தால் அன்றைய வாய்ப்பு குறைகிறது. இரண்டாவது காற்று: மரக்கிளைகளைக் கொண்டு தரைக்காற்றின் திசையையும், உயர்ந்த மேகங்களின் நகர்வைக் கொண்டு மேற்காற்றின் திசையையும் தனித்தனியே எழுத வேண்டும், இடிமழை பெரும்பாலும் மேற்காற்றின் போக்கிலேயே நகரும் என்பதால் பிற்பகலில் எந்தப் பக்கம் நிற்பது என்ற முடிவு இக்குறிப்பையே சார்ந்திருக்கும். காலையிலேயே மேற்குக் காற்று பலமாக இறங்கி முகட்டு மேகங்களைக் கிழித்துக்கொண்டிருந்தால் அன்று இடிமழை எழுவது அரிது.

மூன்றாவது ஈரம். காற்றிலுள்ள நீராவி துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை 'பனிநிலை' எனப்படும். காற்றின் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் இடையிலான வேறுபாட்டை 125-ஆல் பெருக்கினால் திரள் மேகத்தின் அடிப்பரப்பு தரையிலிருந்து ஏறத்தாழ எத்தனை மீட்டர் உயரத்தில் அமையும் என்பது கிடைக்கும். வெப்பநிலை 33 பாகை செல்சியஸ், பனிநிலை 23 பாகை எனில் அடிப்பரப்பு 1,250 மீட்டர் உயரத்தில், அதாவது மேகமலைத் தோட்டங்களுக்குச் சற்று மேலே அமையும். பனிநிலையைக் காட்டாத கருவியை வைத்திருப்பவர், ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் குறையாதபோது, அந்த விழுக்காட்டை 100-இலிருந்து கழித்து 25-ஆல் பெருக்கி இதே உயரத்தைத் தோராயமாகப் பெறலாம். இவ்வாறு கணித்த உயரத்தைப் பின்னர் மலைமுகட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது நோக்குநருக்கு மிகச் சிறந்த பயிற்சியாகும். கணக்கும் கண்ணும் ஒத்துவரும் நாளில் வளிமண்டல இயற்பியல் அவருக்கு ஏட்டுக்கல்வியாக இருப்பதில்லை.

நண்பகல்: இடம் மாறுதல்

பொதுவாக 11 மணியிலிருந்து முகடுகளின் மீது சிறு திரள் மேகங்கள் தோன்றும். அவற்றின் அகலத்தைக் காட்டிலும் உயரம் கூடிக்கொண்டு வருகிறதா என்பதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே இடத்திலிருந்து படமெடுத்து ஒப்பிட வேண்டும். எழுந்த மேகம் கரைந்து, அதே இடத்தில் அடுத்தது இன்னும் உயரமாக எழுவது நல்ல அறிகுறி. புழுக்கம் கூடி, காற்று அசைவற்று இறுகிப்போகும் நிலையை மக்கள் 'இறுக்கம்' என்பர். ஈரமும் வெப்பமும் சேர்ந்திருப்பதை உடல் உணரும் விதமே அது.

இக்கட்டத்தில் லோயர் கேம்பைவிட்டு நீங்குவதே முறை. மேகம் தலைக்கு நேர்மேலே வளரும்போது அதன் அடிப்பகுதி மட்டுமே தெரியும்; முழு உருவத்தையும் காண்பதற்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டர் தொலைவு தேவை. கூடலூருக்கும் கம்பத்துக்கும் இடையில் வயல்வெளிகள் திறந்திருக்கும் பகுதியிலோ, உத்தமபாளையத்துக்கு அருகிலோ நின்றால் தெற்கே லோயர் கேம்ப் முகடுகளும் கிழக்கே மேகமலையும் மேற்கே கம்பமெட்டு மலைகளும் ஒரே பார்வையில் அடங்கும். நிற்குமிடம் நெடுஞ்சாலையிலிருந்து விலகி, வாகனம் தடையின்றித் திரும்பிச் செல்லத்தக்கதாக, ஓடைப் படுகையிலோ மரத்தடியிலோ மின்கோபுரத்தின் கீழோ இல்லாததாக இருக்க வேண்டும். குமுளி மலைச்சாலை நோக்கலுக்கு ஏற்ற இடமன்று. வளைவுகளில் நிறுத்துவது பிற வாகனங்களுக்கு ஆபத்து என்பதோடு, மழையில் அங்கே பாறை உருளவும் மரம் சாயவும் கூடும்.

இந்நேரத்தில் இன்சாட் செயற்கைக்கோள் படங்களையும் கொச்சியிலுள்ள வானிலை ரேடார் படத்தையும் கைப்பேசியில் பார்க்கலாம். ஆனால் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் ரேடார் கற்றை, புவியின் வளைவால் இப்பள்ளத்தாக்கை அடையும்போது ஒரு கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் செல்வதாலும், இடையே மேற்குத்தொடர்ச்சி மலை நிற்பதாலும், மேகத்தின் மேல்பகுதி மட்டுமே அதற்குப் புலப்படும். தரையை ஒட்டிய காற்று எப்போது திரும்பியது, முதல் துளி எங்கே விழுந்தது என்பனவற்றைத் தரையில் நிற்பவரால்தான் சொல்ல முடியும். தன்னார்வ நோக்குநரின் குறிப்பேட்டுக்கு மதிப்பு இந்த இடைவெளியிலிருந்தே பிறக்கிறது.

பிற்பகல்: மூன்று கட்டங்கள்

வளர்நிலையில் மேகத்தின் உச்சி கூர்மையான விளிம்போடும் வெண்மையோடும் கொதிப்பதுபோல் உயரும். அடிப்பரப்பு கருமையாகவும் தட்டையாகவும் இருக்கும். மழை இன்னும் தரையைத் தொட்டிராத இந்தக் கால்மணி நேரமே நிதானமாகப் படமெடுப்பதற்கும் திசையைக் குறிப்பதற்கும் உரியது. உச்சியின் விளிம்பு மங்கி நூல்நூலாகப் பிரிவது, அங்கே நீர்த்துளிகள் பனித்துகள்களாக மாறிவிட்டதைக் காட்டும். அதன்பின் மின்னல் எந்நொடியும் தொடங்கலாம்.

முதிர்நிலையில் மேகத்தின் அடியிலிருந்து சாம்பல்நிறத் திரைபோல மழை இறங்குவது தெரியும். மழையோடு இறங்கும் குளிர்ந்த, கனமான காற்று தரையில் மோதி எல்லாப் பக்கமும் பரவுவதால், மழை வருவதற்குச் சில நிமிடங்கள் முன்பே குளிர்க்காற்று வந்துசேர்கிறது. அது புழுதியையும் சருகையும் வாரிக்கொண்டு மண்வாசனையோடு வரும். வெப்பநிலை சில நிமிடங்களில் பல பாகைகள் சரியும். சின்னமனூர், கம்பம் பகுதிகளில் குலை தள்ளிய வாழைகளைச் சாய்க்கும் கோடைச் சூறைக்காற்று பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்ததே. நோக்குநர் குறிக்க வேண்டிய நேரங்களுள் மிக முக்கியமானது இக்காற்று வந்த நேரமாகும். இது பள்ளத்தாக்கின் நீளவாக்கில் ஓடி, எதிர்ச்சரிவில் மோதி, அங்கே சூடாகக் காத்திருக்கும் காற்றை உந்தி அடுத்த மேகத்தை எழுப்பக்கூடும் என்பதால், ஒரு மேகம் தணியும்போது பார்வையை எதிர்ப்பக்க மலைக்குத் திருப்புவது அவசியம். ஆலங்கட்டி விழுந்தால் வாகனத்தைவிட்டு இறங்காமல், மழை ஓய்ந்த பிறகே கட்டிகளின் அளவைக் குறிக்க வேண்டும்.

தணிநிலையில் பட்டடைக்கல் போன்ற உச்சி மட்டும் வானில் பரந்து நிற்க, அடியில் தூறல் நீடிக்கும். மழை நின்றுவிட்டது என்று எண்ணி வெளியே வருவோர் தாக்கப்படுவது இந்த நேரத்தில்தான். பரந்த உச்சியிலிருந்தும் மின்னல் இறங்க முடியும்.

மின்னலும் பின்வாங்கலும்

இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் மின்னலால் உயிரிழக்கின்றனர். அவர்களில் பெரும்பாலோர் வயலிலும் திறந்தவெளியிலும் மரத்தடியிலும் இருந்தவர்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 நொடி ஆவதால், மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நொடிகளை மூன்றால் வகுத்தால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். இடைவெளி 30 நொடிக்கு, அதாவது தொலைவு பத்து கிலோமீட்டருக்கு, குறைந்தால் பாதுகாப்பிடம் செல்ல வேண்டும், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் வரை வெளியே வரக்கூடாது என்பது உலகெங்கும் கற்பிக்கப்படும் விதி. ஆனால் இருபுறமும் மலை நெருங்கிய லோயர் கேம்ப், கூடலூர்ப் பகுதியில் முகட்டில் எழும் எந்த இடிமழையும் தொடக்கத்திலேயே அந்தப் பத்து கிலோமீட்டர் எல்லைக்குள் இருக்கும். மலைகளின் எதிரொலியால் இடி எத்திசையிலிருந்து வருகிறது என்பதையும் காதால் அறிய இயலாது. எனவே இப்பள்ளத்தாக்கிற்கான விதி இன்னும் கண்டிப்பானது: முதல் இடி கேட்டவுடன் வாகனத்துக்குள் சென்று கண்ணாடிகளை ஏற்றிவிட வேண்டும். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வுக் கழகம் உருவாக்கிய 'தாமினி' செயலி 20, 40 கிலோமீட்டர் சுற்றளவிலான மின்னல்களைக் காட்டுவதால் இடி கேட்பதற்கு முன்பே எச்சரிக்கை பெறலாம்.

உள்ளூர் நிலத்துக்கே உரிய ஆபத்துகளையும் அறிந்திருக்க வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையின் தோட்டங்களில் கொடிகள் படரும் பந்தல் கம்பி வலையால் ஆனது. தொலைவில் ஓரிடத்தில் விழும் மின்னலும் அக்கம்பி வழியே தோட்டம் முழுவதும் பரவக்கூடும் என்பதால் பந்தலின் நிழல் ஒதுங்குமிடம் அன்று. தென்னை, புளி முதலிய தனிமரங்கள், பக்கச்சுவரற்ற பேருந்து நிழற்குடை, காவல் குடிசை, மின்கம்பி நுழையும் பம்புசெட் அறை ஆகியனவும் காப்பளிப்பதில்லை. இருசக்கர வாகனமும் ஆட்டோவும் மூடிய உலோகக் கூடுகள் அல்ல. சுருளி அருவி, காட்டாறுகள், ஓடைகள் ஆகியவற்றில் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலைமேல் பெய்த மழை திடீர் வெள்ளமாக வந்துசேரலாம் என்பதால் பிற்பகலுக்குப் பின் நீரோரங்களைத் தவிர்க்க வேண்டும்.

அனுபவம் இவ்விதிகளைத் தளர்த்துவதற்குக் காரணமாகாது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து எல் ரீனோ அருகே 2013 மே 31 அன்று எழுந்த, 4 கிலோமீட்டருக்கும் மேல் அகன்ற சுழற்காற்றில், அத்துறையின் மிகத் தேர்ந்த ஆய்வாளர்களுள் ஒருவரான டிம் சமாராஸும் அவருடைய மகன் பாலும் உடன்பணியாளர் கார்ல் யங்கும் உயிரிழந்தனர். கருவியும் அறிவும் பல ஆண்டுப் பழக்கமும் நிறைந்தவர்களையே எதிர்பாராத திருப்பத்தால் வீழ்த்திய இயற்கையின் முன், விலகி நிற்பதும் நோக்கும் கலையின் ஒரு பகுதியே.

அந்தி: அளந்து எழுதுதல்

கடைசி இடிக்குப் பின் அரை மணி கடந்ததும் மழைமானியைப் பார்க்க வேண்டும். அருகிலுள்ள தடையின் உயரத்தைப்போல் இருமடங்குத் தொலைவில், சமதரையில் அது முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்க வேண்டும். 1 மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் விழுந்த 1 லிட்டர் நீராகும்; 25 மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் நீரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. வானிலைத் துறை ஒரு நாளின் மழையைக் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடுவதால், நோக்குநரும் அதே எல்லையைப் பின்பற்றினால் அவருடைய அளவை அரசுக் கணக்கோடு ஒப்பிடலாம்.

அளவோடு நின்றுவிடாமல் அருகிலுள்ள உழவரிடம் மழையைப் பற்றிக் கேட்டு, அவருடைய சொல்லையும் எழுதிக்கொள்வது சிறந்தது. 'ஒரு உழவு மழை' என்று அவர் கூறுவது, ஏர் ஓட்டும் ஆழத்துக்கு மண் நனைந்தது என்பதைக் குறிக்கும் கணக்கு. அதில் மழையின் அளவோடு மண்ணின் குடிக்கும் திறனும் சேர்ந்திருக்கிறது. அரை மணியில் கொட்டிய 20 மில்லிமீட்டர் சரிவில் ஓடி வீணாகலாம். இரண்டு மணிநேரம் நின்று பெய்த 20 மில்லிமீட்டர் உழவு மழையாகலாம். பழுத்த திராட்சைக்கு வெடிப்பைத் தரும் அதே மழை, மானாவாரி நிலத்துக்குக் கோடை உழவைத் தருகிறது. மில்லிமீட்டரையும் உழவையும் ஒரே வரியில் எழுதிவைத்த குறிப்பேடு, எந்த வேகத்தில் பெய்த மழை எந்த மண்ணில் தங்கியது என்பதைக் காலப்போக்கில் காட்டத் தொடங்கும்.

ஒவ்வொரு நாளின் குறிப்பிலும் முதல் திரள் மேகம் தோன்றிய முகடு, முதல் மின்னல், குளிர்க்காற்று வந்த நேரமும் திசையும், மழையின் தொடக்கமும் முடிவும், மழையளவு, அடுத்த மேகம் எழுந்த இடம் ஆகிய ஆறும் இடம்பெற வேண்டும். மழை பெய்யாத நாளின் குறிப்பும் இதே ஒழுங்கில் எழுதப்பட வேண்டும்; ஏனெனில் மேகம் எழுந்தும் பெய்யாமல் கரைந்த நாட்களோடு ஒப்பிட்டால்தான் பெய்த நாட்களின் காரணம் விளங்கும். ஒரு பருவத்தில் பத்து நாட்களின் பக்கங்கள் சேர்ந்துவிட்டால், எந்தக் காற்றுக்கு எந்த முகடு முதலில் கறுக்கிறது என்பது நோக்குநருக்குப் பிடிபடத் தொடங்கும். பதினோராம் நாள் காலையில் லோயர் கேம்பில் காற்றின் திசையைக் குறிக்கும்போதே, பிற்பகலில் எங்கே நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.